நீலவேணி பேசக்கூடாது

கண்ணையா வாழ்க்கையில் பிடிவாதம் பிடித்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். நீலவேணி பேசக்கூடாது.

நீலவேணி அவர் எழுதிய மாயக்கதை வரிசையின் நாயகி. பகலெல்லாம் பீளமேட்டில் பம்ப்செட் கம்பெனி வேலை, சாயங்காலமானால் ராட்சதப் பறவையும் பறக்கும் கோட்டையும் என்று மனிதர் ஏழு பாகம் எழுதித் தள்ளினார். நீலவேணி வாய் திறந்தால் நாட்டின் ஏரிகளெல்லாம் வற்றிப்போகும் என்பது சாபம். அதனால் ஏழு பாகத்திலும் அவள் பேசவே மாட்டாள். எழுதியதை முதலில் படிப்பவர் மனைவி பத்மாவதி. "பேசாமயே என்னைய அழ வெக்குதுங்க இந்தப் புள்ள" என்று அவர் ஒருமுறை சொன்னதைக் கண்ணையா இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வார்.

போன வருடம் ஒரு டிவி சேனல் கதையை வாங்கியது. இயக்குநர் பிரத்யுஷா நல்ல பெண்தான், மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் வெட்டினாள். கிராபிக்ஸ் செலவு கட்டுப்படியாகாது என்று பறவை வெறும் நிழலானது. பறக்கும் கோட்டை தரையிறங்கி, மாமியார் குடியிருக்கும் அரண்மனையானது. எல்லாவற்றுக்கும் "ஆகட்டுங்க அம்மணி" என்று தலையாட்டிய கண்ணையா, நீலவேணியிடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவ பேசினா கதையே இல்லீங்க அம்மணி."

"சார், சீரியலை ஆருங்க உக்காந்து பாக்கறாங்க? சமையல்கட்டுல நின்னுட்டுக் கேக்கறாங்க. பேசலைன்னா அப்பிடியொருத்தி இருக்கறதே தெரியாதுங்க. வசனத்தை நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

கோபத்தோடு வீட்டுக்கு வந்தார். பத்மாவதி டிவிக்கு முதுகைக் காட்டியபடி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு, ஏதோ ஒரு சீரியலின் மருமகளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு மூஞ்சி எப்பிடியிருக்கும் பத்மா?"

"ஆருக்குங்க தெரியும்? குரலு நல்லாருக்கும்."

அத்தோடு கண்ணையா அடங்கிப்போனார். சாபத்தை எடுத்துவிட்டு வசனம் எழுதினார். எழுதச் சிரமமாகவே இல்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பத்மாவதியிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

சீரியல் ஆரம்பித்தது. நீலவேணியின் குழந்தைப் பருவத்தைப் பத்மாவதி சோபாவில் உட்கார்ந்து, கண் இமைக்காமல் பார்த்தார். வளர்ந்த நீலவேணி வரும் நாளன்று வீட்டில் சந்தகை. வெந்த மாவை ஆறுவதற்குள் பிழிந்தாக வேண்டும், விட்டுவிட்டு வர முடியாது. டிவியின் சத்தம் மட்டும் சமையலறைக்குப் போனது.

"ஏனுங்க, ஆருங்க அது, ஓயாமப் பேசறது? நம்ம கதையில இந்த மாதிரிப் புள்ளையே இல்லையே."

கண்ணையா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். திரையில் அந்தப் பெண் வாயசைத்து முடித்துவிட்டு, ஏரியைப் பார்த்துச் சும்மா நின்றாள். அவர் எழுதிய அதே நீலவேணி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பத்மா, ஒரு நிமிசம் வந்து பாரேன்."

"கையெல்லாம் மாவுங்க. டிவி ரிப்பேருங்களா? சத்தத்தையே காணோம்."

"ஒண்ணுமில்ல" என்று சத்தத்தை மறுபடி கூட்டி வைத்தார்.