வெள்ளைக் கட்டைக்குக் கீழே ஒரு சுரம்

செல்மின் அக்காவின் பியானோ வீட்டைவிட்டுப் போனது மார்ச் மாதத்தில், மழை பிடித்த ஒரு செவ்வாய்க்கிழமை. படிக்கட்டில் திரும்பாது என்று தெருவிலிருந்து மூன்றாம் மாடி ஜன்னலுக்கு ஏணி லிப்டை நிமிர்த்தியிருந்தார்கள். கீழ்வீட்டுக்காரியான நான் குடையோடு நின்றேன்.

"என்னக்கா, உள்ள யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா? இந்தக் கனம் கனக்குது!" என்றான் சுமை இறக்குகிறவன்.

"கட்டைக்கு ஒருத்தரா எண்பத்தெட்டு பேர் இருக்காங்கப்பா" என்றாள் செல்மின் அக்கா. "எனக்கு வேண்டிய ஆளு மட்டும் அதுல இல்ல."

அந்த ஆள் ஒரு சுரம். செகா என்போம். பியானோவின் வெள்ளைக் கட்டை ஒன்றுக்கு மயிரிழை கீழே நிற்கும். பாட்டு மேலேறும்போது சற்று நிமிரும், இறங்கும்போது தாழும். எங்கள் உஸ்குதார் பகுதியில் வியாழன் மாலைப் பாட்டுச் சங்கத்துக்கு வரும் பல் வைத்தியரும் தையல்காரியும் அதை யோசிக்காமல் தொடுவார்கள். செல்மின் அக்கா அந்தச் சங்கத்தில் வளர்ந்தவள். கல்லூரியில் படித்தது மேற்கத்திய இசை. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். மாலையில், இரண்டையும் சேர்த்து இசை எழுதுவாள்.

நாற்பத்தாறு வயதில்தான் வெளிநாட்டிலிருந்து முதன்முதலாக ஒரு குழு கேட்டது. பெல்ஜியத்தில் கென்ட் நகரத்து நால்வர்: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. அக்கா எழுதி அனுப்பினாள். "அந்தச் சுரம் எவ்வளவு கீழே? ஓர் எண் சொல்லுங்கள்" என்றார்கள். சொன்னாள். சுருதி அளக்கும் கருவியில் அளந்து, வாசித்து, பதிவு செய்து அனுப்பினார்கள். அளவு சரி. உயிர் இல்லை.

"கருவியைப் பார்க்காதீர்கள். முதலில் பாடுங்கள்" என்று எழுதினாள். அதற்கு நேரமில்லை, வெள்ளைக் கட்டைச் சுரத்தையே வாசிக்கிறோம், இல்லாவிட்டால் நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுகிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஒரு வாரம் அவகாசம் கேட்டாள்.

அவள் தம்பி வேதாத் ஃப்ரிட்ஜ் கடை வைத்திருப்பவன். "வாசிச்சிட்டுப் போகட்டுமேக்கா. பெல்ஜியத்துல யாருக்குத் தெரியப்போகுது?"

"குளிராத ஃப்ரிட்ஜை நீ விப்பியாடா?"

"விப்பேனே. போன வாரம்கூட ஒண்ணு வித்தேன்!"

அந்த வாரம் முழுக்க அக்கா தன் இசையை வெள்ளைக் கட்டையில் வைத்து வாசித்துப் பார்த்தாள். கீழே என் வீட்டுக்குக் கேட்டது. "நல்லாத்தானேக்கா இருக்கு?" என்றேன்.

"அதான்டி பயமா இருக்கு. இன்னும் ரெண்டு நாள் வாசிச்சா எனக்கே பழகிடும்."

முடியாது என்று எழுதிவிட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் பியானோ பள்ளிக்கூடத்துக்குப் போனது.

பிறகு நான் ஊர் ஊராகச் சுற்றப் போய்விட்டேன். சில வருடங்கள் கழித்து, போன மாதம் திரும்பியபோதும் பியானோ இருந்த ஜன்னலடி காலியாகவே இருந்தது. அக்கா இப்போதெல்லாம் வாய்க்குள் பாடியபடி எழுதுகிறாள். நால்வருக்கு எழுதியதை மட்டும் எங்கும் யாரும் வாசிக்கவில்லை.

நேற்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. கென்ட் குழுவின் வியோலாக்காரி ஆனெலீன்.

"என்னை ஞாபகம் இருக்கா? எனக்கு இப்போ ஒரு பொண்ணு. தூங்க வைக்கும்போது உங்க மெட்டுதான் வாய்ல வரும். எறங்குற எடத்துல அந்தச் சுரம் தானா தாழுது. நான் ஒண்ணும் பண்ணல. மத்த மூணு பேரையும் பாட வச்சுட்டேன். நீங்க சரின்னா அக்டோபர்ல வாசிக்கிறோம். கேளுங்க."

முதலில் கரகரத்த குரலில் அவள் பாட்டு. அப்புறம் வியோலா.

அக்கா இருமுறை கேட்டாள். "ஏறுறப்போ இன்னும் துளி நிமிரணும்" என்றாள். தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு, பதிலைப் பாடி அனுப்பத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.