தையல்கடை முன் உடையும் குழாய்

எங்கள் நகரின் குடிநீர்த் துறையில் தலைமைக் குழாய் ஃபிட்டருக்கு அலுவலகம் வைத்த பெயர் ரசமட்டம். மட்டம் பார்க்கும் அந்தக் கண்ணாடிக் குமிழ் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் சாய்ந்து தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் ஆறுதல் சொல்வார். உலகத்தில் எது கோணலாக இருந்தாலும் அதற்குக் காரணம் யாரோ ஒருவருடைய சோம்பேறித்தனம் என்பது அவர் சித்தாந்தம். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் தன் மனைவியின் தம்பியாகவே அமைந்தது தற்செயல் என்பார். நம்புவது நம் இஷ்டம்.

தையல்கடை முன்னால் தெருவைக் குறுக்காகக் கடக்கும் பெரிய குழாயைப் பதித்தவர் அந்த மைத்துனர்தான். அன்றைக்கு ஸ்டோரில் போல்ட் தீர்ந்துபோயிருந்தது. நாளை வரும் என்றார்கள். மைத்துனர் நாளை என்பதில் நம்பிக்கை இல்லாதவர். இரண்டு குழாய்களின் முனைகளையும் ஒரு ரப்பர் மூட்டுக்குள் தளர்வாகச் செருகி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பல ஆண்டுகள் அது ஒரு தொல்லையும் தரவில்லை. பிறகு ஒருநாள் லேசாகக் கசிந்தது. ரசமட்டம் தோண்டிப் பார்த்தார். குழாய் மூட்டின் இடத்தில் முழங்கை போல வளைந்திருந்தது.

"இதுக்குப் பேர் குழாயா? பாம்பு கூட உன்னைவிட நேரா படுக்கும்!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

"நான் நேராத்தான் போட்டேன் மாமா."

"அப்ப அதுவா எழுந்து நடந்து போச்சா?"

ரசமட்டத்தின் புகாரின்பேரில் மைத்துனரை மீட்டர் பிரிவுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு அவர் அக்கா வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வெளிச்சுவரில் இருக்கும் மீட்டரைக் குறித்துக்கொண்டு, மற்ற வீடுகளுக்கு வருவது போலவே வந்து போவார். அக்கா ஜன்னலில் நின்று பார்ப்பார்.

ரசமட்டம் ரப்பரைத் தூக்கி எறிந்தார். இரும்பு வளையம், எட்டு போல்ட், நூல் பிடித்த நேர். மறு வருஷம் உடைந்தது. தடித்த வளையம் போட்டார், அதுவும் உடைந்தது. சுற்றிலும் கான்கிரீட் கொட்டி, ஒரு அரசாங்கக் கட்டடத்துக்குக் கூடக் கிடைக்காத அஸ்திவாரத்தை அந்தக் குழாய்க்குக் கொடுத்தார். கான்கிரீட்டோடு சேர்ந்து உடைந்தது. ஒவ்வொரு முறையும் தோண்டும்போது, "அவன் அன்னைக்குக் கெடுத்ததுதான் இன்னும் இழுக்குது" என்பார். துறையின் வரைபடங்களை வைத்திருந்தவன் என்ற முறையில் நானும் குழியோரம் நிற்பேன். மைத்துனர் போட்ட குழாயில் ஒரு துண்டுகூட அங்கே மிச்சமில்லை என்று ஒருமுறை சொன்னேன். வரைபடத்தை மட்டும் பார்க்கும்படி எனக்கு உத்தரவாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நிலவியல் மேடம் வந்தார். தையல்கடைச் சுவரின் விரிசலையும், நடைபாதையின் ஓரக்கற்கள் ஒரே இடத்தில் விலகி நிற்பதையும் படமெடுத்துக்கொண்டு, குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது உடையத்தான் செய்யும் சார். பூமியோட மேலோடு ஒரே துண்டு இல்ல, பெரிய பெரிய தட்டுகளா கிடக்கு. ரெண்டு தட்டு உரசிக்கிற விளிம்பு இந்தத் தெருவுக்குக் கீழதான் போகுது. தையல்கடைப் பக்கம் வடக்க நகருது, உங்க பக்கம் தெற்க நகருது."

"யார் உத்தரவுல?"

மேடம் சிரித்தார். "உத்தரவெல்லாம் கேக்காது. பல இடத்துல தட்டுகள் இறுகி மாட்டிக்கிட்டு ஒரே நாள்ல குலுங்கும். இங்க மெல்ல வழுக்கிட்டே போகுது. நகம் வளர்றதுல பாதி வேகம்."

"நகத்தை நாங்க வெட்டிருவோம் மேடம்."

"கண்டங்களே அப்படி நகர்ந்துதான் பிரிஞ்சது சார். ஒரு காலத்துல எல்லாம் ஒண்ணா ஒட்டியிருந்தது."

ரசமட்டம் சற்று யோசித்தார். "அப்ப ஜாயின்ட் போட்டவன் சரியில்ல."

மேடம் அதற்குமேல் வாதாடவில்லை. "தெருவுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு வைங்க. அடுத்த வருஷம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோட்டை வேறு யாராவது போட்டிருந்தால், அவர் மேல் பழியைப் போட்டு ரசமட்டம் பிழைத்திருப்பார். ஆனால் கோடு விஷயத்தில் இந்த நகரத்தில் வேறு யாரை நம்ப முடியும்? நூல் பிடித்து, தானே மண்டியிட்டு, வெள்ளைப் பெயின்ட்டில் தெருவின் இக்கரையிலிருந்து அக்கரைவரை இழுத்தார். மறு வருஷம் குழாய் உடைந்த அன்று போய்ப் பார்த்தால், தெரு நடுவே கோடு விட்டுப்போய், ஒரு விரல் அகலம் தள்ளித் தொடர்ந்தது.

பெயின்ட்டைக் குறை சொன்னார். நூலைக் குறை சொன்னார். தையல்காரர் ராத்திரியில் அழித்து வரைந்திருக்கலாம் என்றார்.

"எனக்குச் சட்டைக்கே நேரா வெட்ட வராது. உங்க கோட்டை நான் எங்க வரைய!" என்றார் தையல்காரர்.

துறையின் பொறியாளர், நிலவியல் மேடம் அனுப்பிய அறிக்கையைப் படித்துவிட்டு, அங்கே அசைவு தாங்கும் ரப்பர் மூட்டு போடும்படி உத்தரவிட்டார். அதைப் போட்டுப் பழகிய ஒரே ஆளை மீட்டர் பிரிவிலிருந்து மறுநாள் அழைத்து வரவும் சொன்னார்.

அன்று மாலை ரசமட்டம் வீட்டில் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். மனைவி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப என் தம்பி மேல தப்பில்ல?"

"மேடம் அப்படித்தான் எழுதியிருக்கு."

"மேடம் எழுதட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல?"

"நடுத்தெருவுல நிக்க வச்சுத் திட்டினீங்கள்ல, அங்கயே சொல்லுங்க. கூடப்பிறந்தவனை நான் ஜன்னல் வழியா பார்த்தது போதும். நாளைக்கு அவன் வீட்டுக்கு வரணும். வரலைன்னா, நான் அங்க போயிடுவேன். அப்புறம் நீங்க மீட்டர் பார்க்க வாங்க."

தட்டுகள் ஆண்டுக்கணக்கில் நகர்ந்தும் அசைக்க முடியாத மனிதர் அன்றிரவு சாப்பிடும்போது மட்டும் சற்று நகர்ந்து உட்கார்ந்ததாகப் பின்னால் அந்த அம்மா சொன்னார்.

மறுநாள் மைத்துனர் குழியில் இறங்கினார். ரப்பர் மூட்டைப் புரட்டிப் பார்த்தார். மேலே நின்ற ரசமட்டம் தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் தளர்வா விடணுமாம்."

"அது சோம்பேறித்தனம் ஆச்சே மாமா."

குழியைச் சுற்றி நின்ற ஆட்கள் மண்வெட்டிகளை ஊன்றிக்கொண்டார்கள். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்.

"பூமி நகருதாம்டா. அதான் வளைஞ்சிருக்கு."

"பூமியோட தப்பு. சரி. யார் தப்பு இல்ல?"

"அதான் சொல்லிட்டேனே."

"பூமியைப் பத்தித்தான் சொன்னீங்க. பூமியை யாரும் மீட்டர் பிரிவுக்கு மாத்தலியே."

ரசமட்டம் தையல்கடையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியாகக் குழியைப் பார்த்தார்.

"நீ நேராத்தான் போட்டிருக்க" என்றார். "நான்தான் கத்திட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வா. உங்கக்கா வரச் சொன்னா." அதோடு, "நானும்தான்" என்றார்.

மைத்துனர் குனிந்து மூட்டைச் செருகினார். விரிந்து கொடுக்க இடம் விட்டு, பள்ளத்தில் கான்கிரீட்டுக்குப் பதிலாக மணலை நிரப்பினார்.

மாலை அவர் வந்தார். பேச்சு சரளமாக வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து வரும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. தெருவெல்லாம் மீட்டர் பார்க்கிறவருக்கு வெயில் அதிகம்தானே என்று ரசமட்டம் கேட்டார். அதிகம்தான் என்றார் மைத்துனர். அக்கா இருவருக்கும் நடுவே போய் வந்துகொண்டே இருந்தார். சாப்பிட எழுந்த மைத்துனர் சமையலறையில் கை கழுவப் போனார். குழாயை மூடிய பிறகும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு கிண்ணம் வைத்திருந்தார்கள்; அது பாதி நிறைந்திருந்தது.

"இதுவும் பூமி நகர்றதாலதானா மாமா?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இல்ல" என்றார் ரசமட்டம். "அது நான் மாட்டினது."