உறையின் பின்பக்கம் ஒட்டிய முத்திரை

எங்கள் கலியாண அழைப்பிதழ் ஒன்றைப் போன கிழமை மகள் அலுமாரியிலிருந்து கண்டெடுத்தாள். உறையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "இது என்ன முத்திரை அம்மா? விலையே போடேல்லை" என்று கேட்டாள். பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் சிரிக்கத் தொடங்கினார். அவருக்கு என்ன, சிரிப்பார். அந்த முத்திரையால் மூன்று கிழமை சோறு இறங்காமல் இருந்தவள் நான்.

அப்போது நான் வெள்ளவத்தையில் ஒரு தபாற் கந்தோரில் கவுண்டர் கிளார்க்காக இருந்தேன். வருடக் கடைசியில் காசநோய் ஒழிப்புக்கான முத்திரைத் தாள்கள் எங்களிடம் விற்பனைக்கு வரும். பார்வைக்குத் தபால் முத்திரை மாதிரியே இருக்கும், ஆனால் அதை மட்டும் ஒட்டினால் கடிதம் போகாது. தபால் முத்திரையை முன்பக்கம் ஒட்டி, இதைப் பின்பக்கம் ஒட்ட வேண்டும். சனம் கொடுக்கிற சில்லறை நோயாளிகளுக்குப் போய்ச் சேரும். கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்க வீடுகள் நத்தார் வாழ்த்து அட்டைகளில் ஒட்டுவதற்கென்று தாள் தாளாக வாங்கினார்கள். "மிஸ், அங்கே எல்லாம் முடிந்துவிட்டதாம்" என்று எங்கள் போஸ்ட்மாஸ்டர் சிங்களத்தில் சொல்லிவிட்டு என் மேசை லாச்சியை எட்டிப் பார்ப்பார்.

என் லாச்சியில் தாள்கள் கட்டுக் குலையாமல் கிடந்தன. எங்கள் பக்கத்துச் சனம் அதைத் தொடாது. "வேண்டாம் பிள்ளை, கடிதம் கிடைக்கிறவை எங்கட வீட்டில ஆருக்கோ கசம் எண்டு நினைப்பினம்" என்பார்கள். கசம் என்றால் காசநோய்தான். முழுப் பெயரைச் சொல்லவும் பயம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், படம் வடிவாக இருக்கிறதென்று தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். என்ன முத்திரை என்று நான் சொன்னதும் திருப்பித் தந்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார்.

எனக்குச் சட்டென்று கோபம் வரும், இப்போதும் அப்படித்தான். ஒரு தாளை நானே வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமிக்கு எழுதிய கடிதம், குப்பை வண்டி வரவில்லை என்று அப்பா நகரசபைக்கு எழுதும் முறைப்பாடு, எது போனாலும் பின்பக்கம் ஒன்று ஒட்டினேன். அப்பா கண்டும் காணாதமாதிரி இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் ஒட்டி முடித்த உறை ஒன்று கிடந்தது. கொட்டாஞ்சேனை விலாசம். வழக்கம்போல ஒன்றை நக்கி ஒட்டினேன். அப்பா பின்னேரம் நடக்கப் போனபோது அதைக் காலி வீதித் தபாற்பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். தேத்தண்ணி குடிக்கும்போது அம்மா அவரிடம், "பிள்ளையின்ர குறிப்பைப் போட்டாச்சோ?" என்று கேட்டார். அந்த உறைக்குள் இருந்தது என்னுடைய சாதகம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பேசிய இடமெல்லாம் ஒவ்வொரு சாட்டுச் சொல்லி நழுவிப் போயிருந்தது. இந்த மாப்பிள்ளை துறைமுகத்தில் கிளார்க். கொட்டாஞ்சேனைக்கு ஒரு பஸ் பயணம்தான் என்றாலும், பெண்வீட்டார் குறிப்பைக் கையில் கொண்டுபோனால் அந்தரப்பட்டு ஓடிவருகிறார்கள் என்று கதைப்பார்களாம், அதனால்தான் தபால். தரகர் ஒரு கலியாண வீட்டுப் படத்தில் அவரைக் காட்டியிருந்தார். எல்லாரும் கமராவைப் பார்க்க, அவர் மட்டும் கையிலிருந்த பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வெட்கம்தான், எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது.

நான் முத்திரை ஒட்டியதைச் சொன்னதும் அம்மா தலையில் கையை வைத்தார். "பொம்பிளைக்குக் கசம் எண்டு நாங்களே எழுதி அனுப்பின மாதிரியெல்லோ கிடக்கு. நாளைக்கு உன்ர கந்தோருக்குத்தானே வரும், கையில கிடைச்ச உடன உரிச்சுப்போடு."

திங்கட்கிழமை காலை பெட்டிக் கடிதங்களை மேசையில் கொட்டினார்கள். "இண்டைக்கு நான் குத்துறன்" என்று திகதி முத்திரையை வாங்கிக்கொண்டேன். அப்பாவின் குண்டுக் கையெழுத்து உடனே கண்ணில் பட்டது. உறையைத் திருப்பி, நகத்தால் முத்திரையின் ஒரு மூலையைக் கிளப்பினேன். அது சுலபமாக வந்தது. தபாலில் கைவைப்பது குற்றம் என்பதற்காக நிறுத்தினேன் என்று சொன்னால் பொய். வாத்தியார் வேட்டியில் கை துடைத்ததுதான் நினைவுக்கு வந்தது. நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். இந்த முறை கோபம் என்மேல் வந்தது. மூலையில் பசை தடவி அமத்தினேன். முன்பக்கம் ஓங்கி ஒரு குத்துக் குத்தி, கொட்டாஞ்சேனைக்குப் போகும் கட்டோடு சேர்த்தேன்.

வீட்டில், "நான் போகமுதலே தபால் கட்டு போயிட்டுது" என்று அம்மாவிடம் சொன்னேன். பிறகு ஒரு கிழமை போனது, இரண்டு போனது. தரகர் எங்கள் ஒழுங்கைப் பக்கமே வரவில்லை. அம்மா என்னை ஏசவில்லை, அதுதான் பெரிய தண்டனை. பாயசக்காரரின் சம்பந்தத்தை என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

நாலாம் கிழமை பதில் வந்தது. அப்பா உறையைக் கிழிக்கத் திருப்பியவர் அப்படியே நின்றார். பின்பக்கத்தில் அதே முத்திரை ஒட்டியிருந்தது.

மாப்பிள்ளையின் தாயார் எழுதியிருந்தார். மகனுக்கு நாலு வருடத்துக்கு முன் காசநோய் வந்து, மருந்தெல்லாம் முடித்துச் சுகமாகிவிட்டதாம். முதல் பேசிய இடங்களில் மறைத்துவிட்டார்களாம். 'உங்கள் உறையில் இந்த முத்திரையைக் கண்டதும், உங்களிடம் மறைக்கக் கூடாது என்று மகன் சொல்லிவிட்டார். எழுதத் துணிவு வர இவ்வளவு நாள் எடுத்தது. டொக்டர் எழுதித் தந்த துண்டும் இத்துடன் இருக்கிறது.'

அம்மா கடிதத்தை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "உனக்குப் பயமில்லையோ?"

"இல்லை அம்மா."

"எனக்குப் பயமாத்தான் கிடக்கு. எண்டாலும் உண்மை கதைக்கிற வீடு."

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்டைக்குக் கடிதம் என்ர கையிலதான் வந்தது. நான்தான் உரிக்கேல்லை" என்றேன்.

அம்மா கடிதத்தை வாங்கி மடித்தார். "அப்ப பொய்க்காரி எங்கட வீட்டிலதான் இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு, தரகருக்கு ஆள் அனுப்பச் சொன்னார்.

தையில் கலியாணம். மார்கழிக் கடைசியில் ஒரு நாள், அம்மா கூடையோடு வந்து என் கவுண்டரில் வரிசையில் நின்றார். முறை வந்ததும், பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற குரலில், "அந்தக் காசநோய் முத்திரை எவ்வளவு மிச்சம் கிடக்கோ, எல்லாத்தையும் தா. கலியாணக் கார்டுகளில ஒட்ட வேணும்" என்றார். என் லாச்சி அன்றுதான் காலியானது.

அன்று பின்னேரம் அம்மா மேசையில் இருந்து, ஒவ்வொன்றாகத் தன் நாக்கில் நனைத்துக் கோணாமல் ஒட்டினார். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "சனம் என்ன நினைக்கும்?" என்று கேட்டார்.

"கேட்டால் நான் சொல்லுறன்," என்றார் அம்மா, அடுத்த முத்திரையைக் கிழித்தபடி. "மருமகனுக்கு வந்தது, சுகமாச்சுது எண்டு."