கிரிவலப் பக்கத்தில் செருப்பு

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு விதமாகப் பதில் சொல்வேன். அவசரத்தில் இருப்பவர்களிடம் "கம்ப்யூட்டர் வேலை" என்பேன். நேரம் இருப்பவர்களுக்கு விளக்குவேன். விளக்கி முடித்ததும் அவர்களும் "ஓ, கம்ப்யூட்டர் வேலையா" என்பார்கள்.

விஷயம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஆன்லைனில் கடை வைத்திருப்பவர்கள் தங்களிடம் உள்ள பொருள்களையெல்லாம் ஒரே கோப்பில் பட்டியல் போட்டுத் தருவார்கள். அதற்கு ஃபீட் என்று பெயர். வரிக்கு ஒரு பொருள்: பெயர், விலை, படம், எந்த வகை, கைவசம் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த வரியிலேயே இருக்கும். அதை என் வலைத்தளத்தில் ஏற்றிவிடுவேன். என் பக்கத்தில் ஒரு படத்தைத் தட்டினால் அந்தக் கடைக்குப் போய்விடலாம். அங்கே வாங்கினால் எனக்குக் கமிஷன். நான் எந்தப் பொருளையும் தொட்டுப் பார்த்ததில்லை. பல பொருள்களைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை, ஏனென்றால் கோப்பு தினமும் காலையில் தானாக வந்து இறங்கி, பழைய வரிகளை அழித்துப் புதிய வரிகளை வைத்துவிட்டுப் போகும். நான் வேங்கிக்காலில் வாடகை வீட்டின் முன்னறையில் காபி குடித்துக்கொண்டிருப்பேன்.

ஃபீடை அப்படியே நம்பவும் முடியாது. ஒரே புடவை பதினோரு நிறத்தில் பதினோரு வரியாக வரும். பூஜை மணி கேட்டால் நாயின் கழுத்தில் கட்டுகிற மணியும் கூடவே வரும். இன்ன வகை வேண்டும், இன்ன வகை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்து வடிகட்ட வேண்டும். இதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

என் அக்கா செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் இருக்கிறாள். மாடியறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். பல வருடமாகச் சர்க்கரை. பாதம் இரண்டும் மரத்துப்போய்விட்டன. வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, புண் வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ பௌர்ணமி தவறாமல் பதினான்கு கிலோமீட்டர் மலை சுற்றுகிறவள். வெறுங்காலோடுதான். நான் ஒரே ஒரு தடவை "செருப்பு போட்டுக்கிட்டு நடயேன்க்கா" என்றேன். "அண்ணாமலையாரைச் சுத்தறப்ப எவடி செருப்பு போடுவா?" என்று கேட்டாள். இந்த ஊரில் பிறந்தவளுக்கு அதற்கு என்ன பதில் இருக்கும்? விட்டுவிட்டேன்.

போன கோடையில் கிரிவலத்துக்கென்று என் தளத்தில் ஒரு பக்கம் போட்டேன். ஊரிலேயே இருந்துகொண்டு இதைச் செய்யாமல் இருப்பது அசட்டுத்தனம் என்று தோன்றியது. ஒரு கடையின் ஃபீடில் 'நடைப்பயணம்' என்று ஒரு வகை இருந்தது. அதை முழுசாக எடுத்துக்கொண்டேன். தண்ணீர் பாட்டில், தோள்பை, டார்ச், மழைக்கோட்டு என்று வந்து நிறைந்தது. முதல் இரண்டு வரிசையைப் பார்த்தேன், லிங்க் வேலை செய்கிறதா என்று சோதித்தேன், அவ்வளவுதான். மூன்றாவது வரிசையில் செருப்புகள் இருந்தன.

மலை சுற்றுவதை வெறும் நடை என்று எடுத்துக்கொள்ள வெளியூர்க்காரன் யாராவது வேண்டும். நான் உள்ளூர்க்காரியாக இருந்துகொண்டே அதைச் செய்தேன்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ஒருவர் தளத்தின் வழியாக எழுதினார்: "கிரிவலத்துக்குச் செருப்பு விக்கிறீங்களே, வெக்கமா இல்லையா? நீங்க எந்த ஊரு?" பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் எழுதினார்கள். முகம் சூடாகிவிட்டது. சாமிக் குற்றம் என்ற பயமெல்லாம் இல்லை. சொந்தக் கடையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மாட்டிக்கொண்ட அவமானம். வேண்டாத வகைகளின் பட்டியலில் 'காலணி' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். மறுநிமிடம் தளத்தில் எங்குமே ஒரு செருப்பு இல்லை. வேலை சுத்தமாக முடிந்தது என்று திருப்தியாக இருந்தது.

மறுநாள் அக்கா மத்தியானமே கிளம்பிவிட்டாள். சாயங்காலம் ஆனால் கூட்டம் ஜாஸ்தி, மத்தியானத்தில் கம்மியாக இருக்கும் என்று கணக்கு. மே மாதத்துத் தார் ரோடு. மற்றவர்கள் எல்லாரும் சூடு தாங்காமல் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேல் வரிசையாக நடப்பார்கள். அக்காவுக்குச் சூடு தெரியாது, அதனால் கோடும் தேவைப்படவில்லை. நடு ரோட்டில் நிம்மதியாக நடந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது தோல் கையோடு வந்ததாம்.

இடது கால் ஆறிவிட்டது. வலது காலில் புண் உள்ளே இறங்கி, மூன்றாவது வாரம் சுண்டுவிரலை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தபோது, கோபத்தை அடக்க முடியாமல் கேட்டேன்.

"தெரிஞ்சே எதுக்குக்கா இப்படிப் பண்ண?"

"நான் போட்டுக்கலாம்னுதான் இருந்தேன்" என்றாள்.

"எத?"

"அதான், நீ போட்டிருந்தியே. கறுப்பு கலர்ல, மெத்துனு, சக்கரைக்காரங்களுக்குனு எழுதி. உன் கிரிவலப் பக்கத்துல."

அவள் தினமும் என் தளத்தைத் திறந்து பார்ப்பாள் என்பது எனக்குத் தெரியும். பார்க்க மட்டும்தான். நம் சொந்தக்காரர்கள் நம் லிங்க்கில் வாங்கக் கூடாது என்பது கடைக்காரர்களின் விதி. எதையும் தட்டிவிடாதே, என்னைத் தூக்கிவிடுவார்கள் என்று அவளை மிரட்டி வைத்திருந்தேன். ஆகவே, கண்காட்சிக்கு வந்தவள்போல ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நல்லா வெச்சிருக்க" என்று போனில் சொல்வாள். ஒவ்வொன்றையும் நானே தேடிப் பொறுக்கி அடுக்குகிறேன் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நேர்ல சொன்னா நான் கத்துவேன்னு, நீ எனக்காகத்தான் அங்க வெச்சிருக்கன்னு நெனச்சேன்டி" என்றாள். "நாலு நாளா தெறந்து தெறந்து பாத்தேன். சரி, இவளே சொல்றா, சாமி ஒண்ணும் கோச்சுக்காதுனு மனசத் தேத்திக்கிட்டேன். அதே மாதிரி வாங்கிக் குடுன்னு கேக்கலாம்னு காலைல தெறந்தா, காணோம். எடுத்துட்ட. சரி, உனக்கே மனசு ஒப்பல போலன்னு வுட்டுட்டேன்."

சாத்துக்குடிச் சாறு என் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் அக்கா, உனக்காகத்தான் வைத்தேன் என்றால் அவள் நம்பியிருப்பாள். ஆனால் அப்படியானால் அதைத் தெரிந்தே எடுத்தவளும் நானாகிவிடுவேன்.

"நான் வெக்கலக்கா. மெஷின் தானா எடுத்துக்கிச்சு. ஜனங்க திட்டினாங்கன்னு எல்லாச் செருப்பையும் மொத்தமாத் தூக்கிட்டேன்."

"அப்ப அந்தச் செருப்ப நீ பாக்கவே இல்லையா?"

"பாக்கல."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். போர்வையைக் கால் வரை இழுத்துவிட்டு, ஒரு சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த வரியைக் கடையின் கோப்பில் தேடினேன். மூன்றாயிரத்துச் சொச்சம் வரிகளில் ஒன்று. அதே செருப்பைக் கடையில் பணம் கொடுத்து வாங்கினேன். கிரிவலப் பக்கத்தில் ஃபீட் தொடாத இடத்தில், முதல் வரிசையில், அதை என் கையாலேயே தட்டச்சு செய்து வைத்தேன். காலில் உணர்ச்சி இல்லாதவர்கள் இதைப் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று கீழே எழுதினேன். வசவு இப்போதும் வருகிறது. வந்தால் வரட்டும்.

காயம் ஆறின பிறகு வந்த பௌர்ணமியன்று அக்காவைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனேன். அந்தக் கறுப்புச் செருப்பைப் போட்டிருந்தாள். ரோட்டில் ஜனங்கள் வெறுங்காலோடு கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் ஓரமாக நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் என் காலையே பாக்கறாங்கடி" என்றாள்.

யாருமே பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.