பின் அறையில் மூடிய பெட்டி

எங்கள் வீட்டுப் பின் அறையில் எத்தனை கட்டில் போடலாம் என்று கேட்டால் பென்னலூரில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். இரண்டு. அடுக்குக் கட்டிலாக இருந்தால் நான்கு பேர் படுக்கலாம். சுற்றிலும் கம்பெனிகள் வந்தபிறகு இங்கே மாட்டுக்கொட்டகைக்குக்கூட வெள்ளையடித்து, கதவு வைத்து, ஷிப்டுக்குப் போகும் பையன்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் வாடகைக்குப் போகாமல் மிச்சமிருந்த ஒரே அறை அது. அதில் நான் இருந்தேன். நானும், ஆறு கிராஃபிக்ஸ் கார்டு பூட்டிய என் மைனிங் மெஷினும்.

அது என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். கிரிப்டோ காசு கைமாறுவதைச் சரிபார்க்க ஓயாமல் கணக்குப் போடும். அதற்குக் கூலியாக அந்தக் காசிலேயே துளித்துளியாகக் கிடைக்கும். கரண்ட் பில்லை அதுவே கட்டிக்கொண்டது. அதற்குமேல் பெருமை பேச ஒன்றுமில்லை. ஆனால் ஆறு கார்டும் சேர்ந்து விடும் சூடு இருக்கிறதே, இஸ்திரிப் பெட்டியை அணைக்காமலே வைத்திருப்பது மாதிரி.

உண்மையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேண்டியிருந்தது மெஷின் அல்ல, அந்த அறை. ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில், அதாவது வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிற கூடத்தில், எட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். அங்கே காற்று வரும் வழி, போகும் வழி, ஃபில்டர், ஃபேன் எல்லாம் என் பொறுப்பு. குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நிற்கவில்லை, கான்ட்ராக்டை முடித்து நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்தால் ஹாலில் மாமியார். ஓர் அறையில் என் வீட்டுக்காரருடைய அண்ணன் குடும்பம். எங்கள் அறையைத் தாண்டித்தான் சமையல்கட்டுக்குப் போகவேண்டும். சும்மா உட்கார எனக்கு ஓர் அறை வேண்டும் என்று அந்த வீட்டில் ஒரு மருமகள் கேட்டிருந்தால் மந்திரிக்கக் கூட்டிப்போயிருப்பார்கள். "மெஷின் ஓடுது, தூசி போவும், கதவ சாத்துங்க" என்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதனால் மெஷின்.

முதலில் அதை எல்லாரையும்போல அலுமினிய ஸ்டாண்டில் திறந்தபடிதான் வைத்திருந்தேன். ஒருநாள் என் மகள், அப்போது இரண்டு வயது, கையிலிருந்த ஸ்பூனைச் சுற்றும் ஃபேனுக்குள் விட்டுவிட்டாள். இறக்கை உடைந்து தெறித்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமியார் அவளை வாரி எடுத்துக்கொண்டு ஒரே வார்த்தையில் முடித்தார்: "மூடி வை. இல்லன்னா காயலாங்கடையில போட்டுட்டு வா." அவர் சொன்னது நியாயம்.

நியாயமில்லாமல் பேசியது வீட்டுக்காரருடைய அண்ணன்தான். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்களுக்கு ஏசி சர்வீஸ் செய்கிறவர். காற்றும் குளிரும் தன் சொத்து என்ற நினைப்பு.

"மூடுனா அத்தினியும் வெந்து பூடும்மா. அடுப்ப பொட்டிக்குள்ள வெச்சிகினு ஃபேன் போட்டா ஆறிடுமா? ஏசி போடணும். ஏசி போடற அளவுக்கு அது இன்னா சம்பாரிக்கிது? எட்த்துடு. ரூமாச்சும் வாடகைக்கு போவும்."

"ஏசி இல்லாமலே ஓட்டறேன் மாமா. மூடுன பொட்டியில."

"எது வரிக்கும்?"

"கத்திரி முடியற வரிக்கும்."

கத்திரி வெயில் தொடங்கப் பத்து நாள்கூட இல்லை. என் வாய் எப்போதும் என்னைவிட ஒரு அடி முன்னால் நடக்கும். மாமா சிரித்தார். மாமியாரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னார்: "கத்திரி முடியற அன்னிக்கு ஆறும் ஓடுச்சுன்னா மெஷின் இந்த வூட்ல இருக்கட்டும், நான் வாயே தொறக்கல. புட்டுக்கிச்சுன்னா ரூமுல கட்டிலு." சரி என்றேன். அவர் சொன்னதை நிதானமாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நெடுஞ்சாலையோரக் காயலாங்கடையில், மூடிப்போன ஏதோ ஒரு பட்டறையின் ஸ்விட்ச் போர்டு பெட்டி கிடந்தது. இரும்பு, என் மார் உயரம், பூட்டுப் போடக் கதவு. ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். அதை எப்படிக் குளிர வைப்பது என்று யாரையும் கேட்கவில்லை. யூடியூபையும் பார்க்கவில்லை. கார்களுக்கே காற்று விட்டவள் நான்.

பெயின்ட் ஷாப்பில் தூசிதான் எதிரி. தலையில் பூ வைத்துக்கொண்டு போனால் உள்ளே விடமாட்டார்கள். முகத்தில் பவுடர் கூடாது. ஒரு முடி விழுந்தால் ஒரு காரையே திரும்பத் தேய்க்கவேண்டும். அங்கே கூரை முழுவதும் மெத்தை மாதிரி ஃபில்டர் இருக்கும். அதன் வழியே காற்று மேலிருந்து கீழே இறங்கி, பெயின்ட் துகளை அமுக்கித் தரைக் கம்பிகளுக்கு அடியில் கொண்டுபோய்விடும். எட்டு வருஷம் என் தலைமேல் அப்படித்தான் காற்று வந்தது. காற்று என்றால் மேலிருந்து கீழே வருவது என்று என் உடம்பே நம்பிவிட்டது. என் பெட்டியையும் அப்படியே செய்தேன். மேலே ஃபில்டர் மெத்தை, அதன்கீழ் உள்ளே தள்ளும் நான்கு ஃபேன், நடுவில் ஆறு கார்டு, அடியில் காற்று வெளியேறச் சல்லடைத் தகடு. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. போட்டோ எடுத்துப் பழைய ஷாப் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினேன்.

கத்திரியின் முதல் நாள் மதியம் இரண்டு மணிக்குக் கார்டுகள் தொண்ணூறு டிகிரியைத் தொட்டன. ஒன்று தானாக நின்றது. பிறகு இன்னொன்று. மூன்று மணிக்கு இரண்டுதான் உயிரோடு இருந்தன. மறுநாளும் அதே கதை. கார்டு பழசு என்றேன். ஃபேன் மட்டம் என்றேன். ஆறையும் கழற்றி, சூடு கடத்தும் பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவினேன். மூன்றாம் நாள் தொண்ணூற்றொன்று. மாமா வேலை முடிந்து வரும்போதெல்லாம் பின் அறை வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார்.

"இன்னாமா, சாம்பார் கொதிச்சிச்சா?"

என் வீட்டுக்காரர் நல்லவர். யாரோடும் சண்டைக்குப் போகாத நல்லவர். "அண்ணன் சொல்றதுலயும் ஒரு நியாயம் கீது" என்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ சொல்றதுலயும் கீது" என்பார். அந்த வாரம் அந்த இரண்டாவது நியாயம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான்காம் நாள்தான் ஷாப்பில் செய்வதைச் செய்தேன். அங்கே காற்று எந்தப் பக்கம் போகிறதென்று சந்தேகம் வந்தால் நூலைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்போம். வீட்டில் பூஜை மாடத்திலிருந்து ஓர் ஊதுவத்தி எடுத்தேன். பெட்டியைப் பூட்டி, மெஷினை ஓடவிட்டு, அடியில் சல்லடை பக்கம் காட்டினேன். புகை வெளியே தள்ளப்பட்டுத் தரையோடு கொஞ்சம் போனது, சுவரைப் பிடித்து மேலே ஏறியது, பெட்டியின் தலைக்கு வந்ததும் சமர்த்தாக ஃபில்டருக்குள் இறங்கிவிட்டது. இன்னொரு தடவை காட்டினேன். மறுபடியும் அதே சுற்று.

கார்டு விட்ட சூட்டைக் கார்டுக்கே குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஷாப்பில் தரைக்கடியில் போகும் காற்று, புகைபோக்கி வழியாகக் கட்டடத்தைவிட்டே போய்விடும். உள்ளே வருவது வேறெங்கிருந்தோ வருகிற புதுக் காற்று. நான் கூரையைக் காப்பியடித்தேன், புகைபோக்கியை விட்டுவிட்டேன். அந்த மெத்தை ஃபில்டர் வழியே காற்றைத் தள்ள அங்கே ஆள் உயர மோட்டார் உண்டு. இங்கே உள்ளங்கை அகல ஃபேன். மாமா சொன்னதுபோல மூடியதால் வேகவில்லை. பெட்டிமேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது, என் பெருமையுடையது. என்மேல் வந்த கோபத்தில் ஊதுவத்தியை அந்தத் தரையிலேயே நசுக்கி அணைத்தேன். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். எனக்கு மீசையே இல்லை. மாமாவிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டேன் என்றே சொல்லலாம். அடியில் காற்று வரும் வழி, அதுவும் வெயில் படாத வடக்கு ஜன்னல் பக்கமாக. மெத்தையைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கிழிந்த கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டினேன். வாரம் ஒருமுறை அலசிக்கொள்ளலாம். எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கிக் கார்டுகளைச் சுற்றியிருந்த சந்துகளையெல்லாம் அடைத்தேன், காற்று சும்மா ஓரமாக நழுவாமல் ஒவ்வொரு கார்டையும் தொட்டுக்கொண்டுதான் போகவேண்டும் என்பதற்காக. மேலே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். அதிலிருந்து கிச்சன் சிம்னிக்குப் போடுகிற சுருள் பைப்பை எடுத்து வென்டிலேட்டர் வழியே வெளியே விட்டேன். ஒவ்வொரு கார்டுக்கும் போகும் கரண்டையும் கொஞ்சம் குறைத்து வைத்தேன். கணக்கு லேசாகத்தான் மெதுவானது, சூடு நன்றாகவே இறங்கியது. மறுபடி ஊதுவத்தி. புகை அடியில் நுழைந்தது, அறைக்குள் திரும்பி வரவே இல்லை.

அன்று மதியம் இரண்டு மணிக்கு எழுபத்திரண்டு. வெளியே ரோட்டில் தார் இளகிக்கொண்டிருந்தது. கத்திரி முடியும்வரை எழுபத்தைந்தைத் தாண்டவில்லை. ஒரு கார்டுகூட நிற்கவில்லை. "சாம்பார்" என்ற பேச்சும் நின்றுபோனது.

கடைசி நாள் மதியம் மாமா வந்தார். பின்னால் மாமியார், என் வீட்டுக்காரர். ஏசிக்காரர்கள் வைத்திருக்கும், துப்பாக்கி மாதிரி நீட்டிச் சூடு பார்க்கிற கருவியைக் கொண்டுவந்திருந்தார். பெட்டியின் அடியில் நீட்டினார். தலையில் நீட்டினார். கதவைத் திறக்கச் சொல்லிக் கார்டு கார்டாகப் பார்த்தார். கதவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்திருந்தார்.

"பரவால்லமா. நல்லாத்தான் பண்ணிகீற."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று மறைக்கப்போவதில்லை. ஒரு நிமிஷம் அவரைக்கூடப் பிடித்துப்போனது. அப்போதுதான் அவர் பேன்ட் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். ஒரு முனையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அவரும் வாங்கிச் சுவரோடு வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"மெஷின் இருக்கட்டும். நான் சொன்னா சொன்னதுதான்" என்றார் மாமா. "பொட்டி மூடியாச்சு. கொழந்த கை போவாது. சத்தமும் இல்ல. அப்பால அதுக்கு எதுக்கு தனி ரூமு? ஹால்ல டிவி பக்கத்துல வெச்சிக்க. பைப்ப ஜன்னல்ல வுட்டுக்கலாம்."

மாமியார் தலையாட்டினார். மாமா சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அந்தப் பெட்டிக்கு ஓர் அறை தேவையில்லாமல் செய்தவள் நானேதான், ஒவ்வொரு சந்தாகத் தேடித்தேடி அடைத்து. பதில்கள் நாக்குவரை வந்தன: ஹாலில் மேற்கு வெயில், பைப் நீளமானால் காற்று இழுக்காது, டிவி பக்கத்தில் அவ்வளவு இடம் கிடையாது. எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் முழுங்கினேன். இனி ஒரு மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேச எனக்கு இஷ்டமில்லை.

"பொட்டிய ஹால்ல வெச்சிக்குங்க மாமா. ரூமு பொட்டிக்கு இல்ல. எனக்கு."

"உனக்கா? உனக்கு எதுக்குமா ரூமு?"

"உக்கார்றதுக்கு."

"உக்காந்து?"

"ஒண்ணும் இல்ல. சும்மா உக்கார்றதுக்கு."

மாமியார் என்னையே பார்த்தார். மாமா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். எனக்குப் பயம் இல்லை, இத்தனை நாள் இதைச் சொல்லாமல் இருந்தேனே என்ற ஆத்திரம். வீட்டுக்காரர் இன்னும் டேப்பின் முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அண்ணனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். இரண்டு பக்கத்து நியாயமும் அவர் முகத்தில் ஓடியது.

"டேப்ப வுடுங்க" என்றேன்.

விட்டார். அது சர்ரென்று ஓடி மாமா கையிலிருந்த டப்பாவுக்குள் போய்விட்டது. மூன்று பேரும் வெளியே போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே தாழ்ப்பாள் போட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஒன்றும் செய்யவில்லை.