நரி முகத்தில் விழித்த வீடு

எங்கள் வீட்டில் முதலில் ஒரு கீரி இருந்தது. அப்புறம் ஓர் உடும்பு. இரண்டும் நைனாவின் விளையாட்டு. நரி மட்டும் விளையாட்டுக்கு வந்ததல்ல. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பதை ஊரார் பேச்சோடு விட்டுவிடுவார்கள். நைனா விடவில்லை. காட்டில் கண்ணி வைப்பவரிடம் சொல்லி ஒரு நரியையே பிடித்துவரச் செய்து, கூடத்தில் இரும்புக் கூண்டில் வைத்துவிட்டார். கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. வியாபாரம் ஓகோவென்று போகுமாம்.

விடிந்ததும் வீட்டில் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. சுவரைத் தடவிக்கொண்டே கூண்டுவரை போய், அங்கேதான் திறக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர்கள்கூடத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பெண்டாட்டி கையைப் பிடித்தபடி தடுமாறி வருவார்கள். ஒருவர் எங்கள் தண்ணீர்த் தொட்டியிலேயே விழுந்தார். அன்றைக்கு அவருக்கு அடித்த யோகம் அதுதான்.

அந்த நரியோ யார் முகத்தையும் பார்க்காது. கூண்டுக்குள் இப்படி நாலு எட்டு, அப்படி நாலு எட்டு. நடந்து நடந்து அதன் பாதமெல்லாம் புண். அதற்குச் சோறு வைப்பது என் வேலை. வயசுக்கு வந்ததும் எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். வாசலில் நின்றாலே அம்மா உள்ளே கூப்பிட்டுவிடுவாள். பகல் முழுக்க அதன் நகச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்குவேன். பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கும்.

கணவனை இழந்த என் அத்தை, நைனாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். எல்லாரும் நரியைப் பார்த்து முடிக்கிறவரை அவள் பின்கட்டு அறையைவிட்டு வெளியே வருவதில்லை. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கதவை அவளே சாத்திக்கொள்வாள். தினமும் எனக்குத் தலை பின்னிவிடுபவள் அவள்தான்.

எனக்குப் பதினைந்து நடக்கும்போது திருவள்ளூரிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று நான் அழுது அடம்பிடித்தேன். "இந்த எடம் தட்டிப் போச்சின்னா நீ இஸ்கூலுக்கே போ. இன்னா, சரிதானே?" என்றார் நைனா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கூண்டில் நரி இருக்கிற தைரியம்.

அவர்கள் வரும் நாள் காலையில், கண்ணை மூடிக்கொண்டே எழுந்து, கூடத்துப் பக்கம் போகாமல் பின்கட்டுக்குப் போனேன். அத்தையின் கதவைத் தள்ளி, எதிரே உட்கார்ந்து, கண்ணைத் திறந்து அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். அவள் பதறி முந்தானையால் மூடினாள். அதை இழுத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். எந்த முகத்தில் விழித்தால் காரியம் கெடும் என்று அந்த வீட்டில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வந்தவர்கள் பஜ்ஜி தின்றார்கள், என்னைப் பார்த்தார்கள், அன்றைக்கே தட்டையும் மாற்றிக்கொண்டார்கள். நைனா நரிக்குக் கறி வாங்கிப் போட்டார்.

நான் பின்கட்டில் போய் விழுந்து அழுதேன். அத்தை என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"என்னை ஒருத்தரும் இப்படித் தேடி வந்ததில்லடி. நீ என் மூஞ்சியில முழிச்சிக்கினு போனியே, இன்னா கெட்டுப் போச்சி? நல்லதுதானே நடந்துச்சி!" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"ஆமா அத்தை" என்றேன்.