சத்தமில்லாமல் குடித்த டீ

என் கணவர் குன்னூரில் டீ டேஸ்டர். ஏலத்துக்கு வரும் தூளில் சாயம் இறக்கி, கரண்டியில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சித் துப்பி ருசி சொல்வதுதான் வேலை. வீட்டிலும் அதே சத்தம்தான்.

"ஏனுங்க, ஊட்டுக்கு ஆள் வந்திருக்கறப்பவாச்சும் மெதுவாக் குடிங்க" என்பேன்.

"சத்தமா உறிஞ்சுனாத்தான் புள்ள, ருசி மூக்குக்கு ஏறும்" என்பார்.

முந்தின வருட மழைக்காலத்தில் சத்தம் குறைந்தது. என் பேச்சைக் கேட்டுவிட்டார் என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். ஒருநாள் டீ புரையேறி மூச்சுத் திணறியதும் கோயம்புத்தூருக்கு ஓடினோம்.

நாக்குத் தசைகள் தளர்ந்திருந்தன. மோட்டார் நியூரான் நோய் என்றார்கள். ரத்தப் பரிசோதனையில் மரபணுப் பிழையும் தெரிந்தது.

"மரபணுவுல இருக்கறத செல்லு ஆர்.என்.ஏ.வா நகல் எடுக்குதுங்க. அதுல வேண்டாதத வெட்டி, வேண்டியத ஒட்டணும். இவருக்கு அந்த வேலை தப்பாகுது. அதனால தசைய இயக்குற நரம்பு செத்துப்போகுதுங்க" என்றார் டாக்டர்.

"முன்னாடியே வந்திருந்தா?"

"நிறுத்தியிருக்க முடியாதுங்கம்மா."

இப்போது அவருக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். பேச்சும் போய்விட்டது. டீக்கடையில் யாராவது சர்ரென்று உறிஞ்சினால் என்னையறியாமல் திரும்பிப் பார்க்கிறேன்.

மாலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே சத்தமாக உறிஞ்சிக் குடிக்கிறேன். கண்ணை மூடிக் கேட்பார். சத்தம் போதவில்லை என்றால் புருவத்தை உயர்த்துவார். அந்தப் புருவத்தைப் பார்ப்பதற்காகவே முதல் வாயை மெதுவாகக் குடிக்கிறேன்.